கடைசி இடத்துக்குச் சண்டை

“பின்னாடி போறவன் எப்படிம்மா தலைவன் ஆவான்? அவன் என்ன கண்டக்டரா?”

முதுகலை இரண்டாம் ஆண்டு. என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலைக் கையில் பிடித்துக்கொண்டு, வகுப்பு முழுக்கக் கேட்கும்படி எங்கள் பேராசிரியர் இப்படிக் கேட்டார். இருபத்தொரு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் நின்றால் இன்னும் கேவலமாக இருக்கும் என்று தோன்றியது.

அவர் பிடித்திருந்த தாளில் சிவப்பு மையில் மூன்று கேள்விக்குறிகள், ஒன்றன் கீழ் ஒன்றாக. தூரத்திலிருந்து பார்க்க மீன் கொக்கிகள் மாதிரி தெரிந்தன.

மரக்காணத்துக்கும் கல்லூரிக்கும் தினமும் பஸ்ஸில் போய்வந்தவள் நான். கண்டக்டர் விசில் கொடுக்காமல் எந்த வண்டி கிளம்பியது என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். எனக்குப் பதில்கள் எப்போதும் மறுநாள் காலையில், பஸ் பிரம்மதேசம் தாண்டும்போதுதான் வரும்.

பெயர் சொல்லாத நாவல்

எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆளாக நான் கல்லூரிக்குள் நுழைந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். இந்த வாரம், அங்கே நான் போட்ட ஒரே சண்டையைப் பற்றி.

சண்டை ஒரு நாவலை வைத்து நடந்தது. நூறு வயதை நெருங்கும் நாவல். அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் நீங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கடிதம் எழுதுவீர்கள், நான் சொல்லவந்தது பாதியில் நின்றுவிடும். கதையை மட்டும் சொல்கிறேன்.

ஆற்றங்கரை ஊர் ஒன்றை வெள்ளம் அடித்துக்கொண்டு போகிறது. மிஞ்சியவர்கள் மேட்டு நிலம் தேடிக் கிளம்புகிறார்கள். அவர்களுக்குத் தலைவர் ஊர்ப் பெரியவர். அவர் கையில் பித்தளைப் பூண் போட்ட ஒரு கோல் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அந்தக் கோலை வைத்திருப்பவர் சொல்வதுதான் ஊரில் நடக்கும்.

அவரை எதிர்த்துப் பேசுகிறவன் ஒரு படகோட்டி. இந்த வழி சரியில்லை, தண்ணீர் இருக்கும் என்கிறான். பெரியவர் எல்லோர் முன்னாலும் அவனைத் திட்டி வரிசையின் கடைசிக்கு விரட்டுகிறார். பிறகு வரிசை ஒரு சதுப்பு நிலத்தைக் கடக்கிறது. அதிலிருந்து மூன்று அத்தியாயம் தள்ளி, படகோட்டி கோலைப் பிடுங்கிக்கொள்கிறான். ஊர் அவன் பின்னால் போகிறது.

கடையில் விற்கும் நோட்ஸ் எல்லாவற்றிலும் இதற்குப் பொருள் போட்டிருக்கும். கோல் என்றால் அதிகாரம். வெள்ளம் என்றால் காலம். சேறு என்றால் துன்பம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண். கோல் கைமாறும் இடத்தில் அதிகாரம் கைமாறுகிறது என்பது கட்டாயம் வரும் பத்து மதிப்பெண் கேள்விக்கு விடை.

நான் வேறு மாதிரி எழுதியிருந்தேன். கோலைப் பிடுங்குவதற்கு வெகு முன்பே, சதுப்பைக் கடக்கும்போதே படகோட்டி தலைவனாகிவிட்டான் என்று. அதற்கு நான் கொடுத்த காரணம் ஒரே வரி. அவன் கடைசியில் அல்லவா நடந்தான்.

அவ்வளவுதான். அதற்குமேல் விளக்கவில்லை. விளக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்று நினைத்துவிட்டேன். உப்பளத்தில் பிறந்தவள்தான் அந்தத் தவறைச் செய்ய முடியும்.

பாத்தி மிதிப்பது

மழை விட்டதும், பொங்கலை ஒட்டி எங்கள் ஊர் அளங்களில் வேலை தொடங்கும். தேங்கிய மழைத் தண்ணீரை இறைத்துவிட்டு, பழைய சேற்றை வழித்துப் போட்டு, பாத்தியின் தரையை மிதித்து இறுக்க வேண்டும். தரை இறுகாவிட்டால் பின்னால் உப்பு வாரும்போது களிமண்ணும் கூடவே வந்துவிடும். உப்பு கறுக்கும். கறுத்த உப்பை வியாபாரி கையால்கூடத் தொடமாட்டார்.

பன்னிரண்டு பெண்கள் ஒருவர் பின் ஒருவராக நிற்பார்கள். குதிகாலும் பெருவிரலும் ஒட்ட ஒட்ட அடிவைத்து நகர்வார்கள். முன்னால் போகிறவரின் இரண்டு தடங்களுக்கு நடுவில் பின்னால் வருகிறவரின் கால் விழ வேண்டும். காலையில் களி சில்லென்று இருக்கும். பத்து மணிக்கு மேல் வெதுவெதுப்பாகும். உச்சி வெயிலில் எல்லா அளங்களும் சேர்ந்து கண்ணைக் கூசவைக்கும். அப்போது யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள், தரையைத்தான் பார்ப்பார்கள்.

முதலில் போகிறவருக்கு இதில் பெரிய வேலை இல்லை. நேராகப் போனால் போதும். கடைசியில் வருகிறவருக்குத்தான் கண்ணும் காலும் வேண்டும். பதினோரு பேர் மிதித்த பிறகும் எந்த இடம் அமுங்குகிறது, எங்கே தண்ணீர் கசிகிறது என்று அவருக்குத்தான் தெரியும். அவர் “நில்லு” என்றால் வரிசை நிற்கும். அவர் “போ” என்றால்தான் நகரும்.

முன்னால் நிற்பதற்கு ஊரெல்லாம் சண்டை போடும். எங்கள் அளத்தில் கடைசி இடத்துக்குத்தான் சண்டை. என் அம்மா வேதவல்லி ஆறு வருடம் அந்த இடத்தில் இருந்தார். பிளஸ் டூ படிக்கையில் என் அம்மா யார் என்று கூடப் படித்தவர்கள் கேட்டால், வரிசையின் கடைசியில் வருகிறவர் என்று காட்டுவேன். அதைச் சொல்லும்போது தலை தானாக நிமிரும்.

இதையெல்லாம் அன்று வகுப்பில் எழுந்து சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. சின்ன வயதிலிருந்தே தெரிந்த ஒன்றை முதன்முறையாக இன்னொருவருக்குச் சொல்ல வேண்டும் என்றால் எங்கே தொடங்குவது?

சாக்பீசும் டஸ்டரும்

தலைமையைப் பற்றிப் பேசும்போது எனக்கு எப்போதும் ஐந்தாம் வகுப்பு நினைவுக்கு வரும்.

டீச்சர் வெளியே போகும்போது ஒரு சாக்பீஸை என் கையில் கொடுத்து, பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுதச் சொன்னார். ஒரு வாரம் நான்தான் லீடர். சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நடந்தால் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். வீட்டில் தம்பி பேசினால்கூடப் பெயரை எழுதிவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறேன்.

மூன்றாம் நாள்தான் கவனித்தேன். நான் எழுதும் பெயர்கள் குறைந்துகொண்டே போகின்றன. போர்டுக்குப் பக்கத்து பெஞ்சில் சுமதி என்று ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் டஸ்டர். நான் திரும்பிய நேரம் பார்த்து, வேண்டியவர்கள் பெயரை அழித்துக்கொண்டிருந்தாள். மதிய உணவின்போது பிள்ளைகள் தங்கள் முட்டையில் பாதியைச் சுமதிக்குக் கொடுத்ததன் காரணம் அப்போது புரிந்தது. எனக்கு ஒருவரும் ஒரு துண்டுகூடக் கொடுத்ததில்லை.

நாவலில் அந்தக் கோலைப் பற்றிப் படித்தபோதெல்லாம் என் சாக்பீஸ்தான் நினைவுக்கு வந்தது. எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற பொருள் ஒருவர் கையில் இருக்கும். ஊர் பயந்து நடப்பது வேறொருவருக்கு. அதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் லீடராக இருந்து பார்க்க வேண்டும்.

அம்மா முன்னால் போனார்

மூன்று கேள்விக்குறிகளும் பையிலேயே இருக்க, பொங்கல் விடுமுறை வந்தது. விடுமுறை என்றால் எங்கள் வீட்டில் அளத்துக்குப் போவது. நாவலையும் எடுத்துக்கொண்டு போனேன், சாப்பாட்டு நேரத்தில் படிக்கலாம் என்று.

அன்று வரிசை நிற்கும் முன்பே சண்டை ஆரம்பித்துவிட்டது. கன்னியம்மா அத்தை, அம்மாவுக்கு முன்பே அளத்துக்கு வந்தவர், இடுப்பில் கைவைத்து நின்றார்.

“ஏண்டி வேதா, ஆறு வருசமா நீயேதான் கடைசில நிக்கற. இந்த வருசம் நான் நிக்கறேன்.”

“நில்லேன். யார் வேணாம்னது? பள்ளம் இருந்தா சொல்லத் தெரியணும், அவ்ளோதான்.”

“எனக்குச் சொல்லத் தெரியாதா? நீ கல்யாணம் ஆயி வர்றதுக்கு மின்னாடியே நான் இந்த அளத்த மிதிச்சவ.”

மேஸ்திரி ஏழுமலை புதியவர். அந்த வருடம்தான் கடலில்லாத ஊரிலிருந்து வந்திருந்தார். நெல் வயலில் வேலை வாங்கிப் பழக்கப்பட்டவர். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. “இன்னாம்மா இது, கடைசி இடத்துக்கு ஒரு சண்டையா? முன்னாடி வாங்கன்னா ஒருத்தரும் வர மாட்டேன்றீங்க” என்றார்.

கன்னியம்மா அத்தை கடைசியில் போய் நின்றுவிட்டார். இனி அவரை நகர்த்த முடியாது. எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அழுவாரா, வீட்டுக்குப் போய்விடுவாரா என்று எனக்கும் பயமாக இருந்தது. அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரிசையின் தலைக்குப் போனார்.

“அப்பிடி வாம்மா” என்றார் மேஸ்திரி, ஒரு வழியாக ஒருத்திக்கு மரியாதை தெரிந்ததே என்ற திருப்தியோடு.

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் அம்மா பின்னால் நின்றேன். இப்படியா விட்டுக்கொடுத்துவிட்டாய் என்று மெதுவாகக் கேட்டேன். அம்மா திரும்பாமலே சொன்னார்.

“போறப்ப அவ கடைசி. திரும்பறப்ப நான் கடைசி. போயேன் நேரா.”

பாத்தியின் கோடியில் வரப்பு. அங்கே போனதும் யாரும் சுற்றிக்கொண்டு வரமாட்டார்கள். மிதித்த தரையில் குறுக்கே நடந்தால் தடம் விழுந்து பாழாகும். அதனால் ஒவ்வொருவரும் நின்ற இடத்திலேயே திரும்பி, ஒரு பாதம் பக்கவாட்டில் நகர்ந்து, அப்படியே வந்த திசையில் நடக்க வேண்டும். கடைசியாக இருந்தவர் முதலாவது. முதலாவதாக இருந்தவர் கடைசி.

நான் அந்த வரப்பில் ஆயிரம் முறை திரும்பியிருக்கிறேன். அன்று திரும்பும்போது கால் அப்படியே நின்றுவிட்டது. இப்போது எனக்கு முன்னால் ஆகிவிட்ட பாஞ்சாலி அக்கா இரண்டடி போய்விட்டார். பின்னாலிருந்து அம்மா, “எங்க பாத்துனு நிக்கற?” என்று முதுகில் தட்டினார்.

நாவலில் அந்த வரிசை சதுப்பைக் கடந்ததா? கடக்கவே இல்லையே. திரும்பி வந்ததல்லவா?

களிமண் ஒட்டிய பக்கம்

சாப்பாட்டுக்கு விட்டதும் காலைக்கூடக் கழுவாமல் வரப்பில் உட்கார்ந்து அந்த அத்தியாயத்தை எடுத்தேன். முதன்முதலில் படித்தபோது அந்தச் சதுப்பு எனக்கு எங்கள் ஊர் ஏரியான கழுவெளியாகத்தான் தெரிந்தது. பறவையும் கோரைப் புல்லும் முட்டி அளவு சேறுமாக மனதுக்குள் விரிந்துகொண்டது. காட்சியைப் பார்த்துக்கொண்டே போனதில் வரியைப் படிக்காமல் விட்டிருந்தேன்.

வரி இருந்தது. இடது பக்கத்தில், நடுவில்.

சதுப்புக்கு நடுவே ஒரு ஆள் நடக்கும் அகலத்தில் ஒரு வரப்பு. இரண்டு பக்கமும் ஆளை விழுங்கும் சேறு. பெரியவர் கோலை உயர்த்திக்கொண்டு முன்னால் போகிறார். ஓரிடத்தில் வரப்பு உடைந்து தண்ணீர் ஓடுகிறது. மேலே போக முடியாது. ஒருவரைத் தாண்டி ஒருவர் போகவும் இடமில்லை. அதனால் எல்லோரும் நின்ற இடத்திலேயே திரும்புகிறார்கள். ஆசிரியர் அதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, கொக்குகளைப் பற்றி எழுதப் போய்விடுகிறார்.

அந்த ஒரு வாக்கியத்தில் படகோட்டி முதல் ஆளாகிவிட்டான். அவன் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் நடக்கிறான், ஊர் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நடக்கிறது. கோல் இப்போது வரிசையின் வாலில் இருக்கிறது. அடுத்த பக்கத்தில் பெரியவர் வழுக்காமல் இருக்க அதைச் சேற்றில் ஊன்றி ஊன்றி வருகிறார். இது எந்த நோட்ஸிலும் இல்லை. மூன்று அத்தியாயம் கழித்து அவன் பிடுங்கியது வெறும் கம்பு.

நான் முதலில் எழுதிய காரணமும் பாதிதான் சரி என்று அப்போது தெரிந்தது. கடைசியில் நடந்ததால் மட்டும் அவன் தலைவன் ஆகவில்லை. வரிசை திரும்பும் என்று தெரிந்து நடந்தான். ஆற்றில் படகு விட்டவன், முன்னால் தண்ணீர் இருக்கும் என்று அவன்தானே முதலிலேயே சொன்னான்.

அந்தப் பக்கத்தில் என் கட்டைவிரல் அளவுக்குக் களிமண் ஒட்டிக்கொண்டது. நூலகப் புத்தகம். அபராதம் கேட்டார்கள், கட்டினேன்.

கம்பிக்கதவு வரை

மூன்றாம் இயலைத் திரும்ப எழுதினேன். பாத்தி மிதிப்பது எப்படி என்று நான்கு பக்கம். வரப்பில் திரும்புவது எப்படி என்று புள்ளி வைத்துப் படம். அதன் பிறகு நாவல்.

பேராசிரியர் முதல் சில பக்கங்களைப் படித்தார். அவர் கெட்டவர் இல்லை. எங்களுக்கு அவ்வளவு பொறுமையாகப் பாடம் நடத்தியவர் வேறு யாரும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு புத்தகத்தைச் சான்று காட்ட வேண்டும் என்பவர்.

“இது எந்தப் புத்தகத்துலம்மா இருக்கு?”

“எங்க அளத்துல இருக்கு சார்.”

“அத அடிக்குறிப்புல எப்படிப் போடுவ? உன் அனுபவம் வேற, ஆராய்ச்சி வேற. இந்த இயல எடுத்துடு. கோல் பத்தின இயல் நல்லா இருக்கு. இப்பவே கையெழுத்து போடறேன்.”

அன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வேடு போய்ச் சேர வேண்டும். வழிகாட்டியின் கையெழுத்து இல்லாமல் வாங்கமாட்டார்கள். வாங்காவிட்டால் ஒரு வருடம் போகும். அந்த ஒரு வருடத்தை இன்னொரு முறை எனக்குக் கொடுக்கும் வசதி எங்கள் வீட்டில் இல்லை. இந்தக் கையெழுத்துச் சிக்கல் வீட்டில் யாருக்கும் தெரியாது.

எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். இரண்டு பஸ் நிறுத்தம் போகும் நேரத்துக்கு அப்படித்தான் முடிவு செய்திருந்தேன். பிறகு தோன்றியது, அந்த இயலை எடுத்துவிட்டால் மீதி இருப்பதை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம்.

வியாழக்கிழமை வகுப்பு முடிந்ததும் அவரிடம் போய், பத்து நிமிடம் வராந்தாவுக்கு வரமுடியுமா என்று கேட்டேன். தமிழ்த் துறைக்குப் பின்னால் ஒரு நீள வராந்தா. இரண்டு பக்கமும் உடைந்த பெஞ்சுகளை அடுக்கி, நடுவில் ஒரு ஆள் போகத்தான் இடம் இருக்கும். கோடியில் பூட்டிய கம்பிக்கதவு. தோழிகள் பத்துப் பேரை வரிசையில் நிறுத்தியிருந்தேன்.

“சார், நீங்க முன்னாடி நில்லுங்க. வருகைப் பதிவேட்டக் கையில வெச்சுக்குங்க. நேரா போங்க, போதும்.”

அவர் ஒரு தரம் என்னைப் பார்த்தார். பிறகு பதிவேட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடந்தார். பத்துப் பேரும் பின்னால் போனார்கள். கடைசியில் கிளியனூர் ராஜேஸ்வரி. வகுப்பில் வாயே திறக்காதவள் என்பதால் அவளைக் கடைசியில் வைத்தேன்.

கம்பிக்கதவு வந்தது. பூட்டை அசைத்துப் பார்த்தார். “பூட்டியிருக்கே, திரும்புங்கம்மா” என்றார். எல்லோரும் நின்ற இடத்திலேயே திரும்பினார்கள். ராஜேஸ்வரி நடக்க ஆரம்பித்தாள். வராந்தா முடியும் இடத்தில் வலது பக்கம் வகுப்பறை. அவள் இடது பக்கம் திரும்பினாள், கேன்டீனுக்கு. அதை நான் அவளிடம் சொல்லிக் கொடுக்கவே இல்லை. பசித்திருக்கும். ஒன்பது பேரும் அவள் பின்னாலேயே போனார்கள்.

“நில்லுங்கம்மா, கிளாஸ் இந்தப் பக்கம்” என்று பின்னாலிருந்து அவர் கூப்பிட்டது கேட்டது. யாரும் நிற்கவில்லை.

கேன்டீன் வாசலில் அவர் பதிவேட்டோடு வந்து சேர்ந்தபோது முகம் சிவந்திருந்தது. நான் பயந்துவிட்டேன். கோபம் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

“நான் என்னம்மா தப்பு செஞ்சேன்? நேராத்தான போனேன்?”

“நீங்க தப்பு எதுவும் செய்யலைங்க சார். அந்தப் பெரியவரும் செய்யல.”

ராஜேஸ்வரி உள்ளே போண்டாவுக்கு டோக்கன் வாங்கிக்கொண்டிருந்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதையும் எழுதியிருக்கியா?”

“பெரியவர் மேல தப்பு இல்லன்னு எழுதியிருக்கேன் சார். நாப்பத்தோராம் பக்கம்.”

மறுநாள் காலை கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடும்போது, “நான் இன்னும் ஒத்துக்கல. வைவால கேட்டா நீயேதான் பதில் சொல்லணும். நான் வாயத் திறக்க மாட்டேன்” என்றார். சொன்னபடியே இருந்தார்.

மேடம் கேட்டது

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். பருத்திப் புடவை, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத்தான் பேசுவார். மூன்றாம் இயலைப் பிரித்து, என்னைக் கரும்பலகையில் வரைந்து காட்டச் சொன்னார். பன்னிரண்டு புள்ளி வைத்தேன். வரப்பு போட்டேன். அம்புக்குறியைத் திருப்பினேன். களியின் சூடு, கறுத்த உப்பு, அம்மா முன்னால் போனது, எல்லாவற்றையும் சொன்னேன். அன்று வகுப்பில் வராத வாய் இப்போது நிற்கவில்லை. சொல்லி முடித்தபோது மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை மறுபடி பார்த்தார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த என் வகுப்பார் யாரும் சிரிக்கவில்லை.

பிறகு கேட்டார்.

“நல்லா இருக்கும்மா. அந்த நாவல்ல வரிசையில பொம்பளைங்களும் போறாங்க. பேர்கூட இல்லாதவங்க. அவங்க எங்க நின்னாங்க?”

பேராசிரியர் என்னைப் பார்த்தார். நான் படத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு பெண்கள் மிதிக்கிற பாத்தியிலிருந்து வந்தவள் நான். ஒரு வருடம் அந்த நாவலோடு இருந்தும் இரண்டு ஆண்கள் சண்டை போட்டதை மட்டும் பார்த்திருக்கிறேன்.

“தெரியலைங்க மேடம். நான் பாக்கல.”

“பாரு” என்றார்.

அந்த ஆண்டு எங்கள் துறையில் ஆய்வேட்டுக்கு அதிக மதிப்பெண் எனக்குத்தான். மதிப்பெண் பட்டியலை அம்மாவிடம் காட்டினேன். எந்த இடத்தில் என் பெயர் என்று கேட்டு, அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு கன்னியம்மா அத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். இரண்டு பேருக்கும் அப்போது பேச்சு இல்லை. பட்டியலைக் காட்ட வேண்டும் என்பதற்காகப் பேசிக்கொண்டார்கள்.

நான் சதுப்பு அத்தியாயத்தை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டேன். ஆசிரியர் யாருக்கும் இடம் சொல்லவில்லை. யார் யாருடைய தோளைப் பிடித்தார்கள், யாருடைய குரல் யாருக்குக் கேட்டது என்பதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டவள் பெரியவருக்கு நேர் பின்னால் இருக்கிறாள். வரப்பு உடைந்திருப்பதை முதலில் பார்த்துக் கத்துகிறவள் அவள்தான், பெரியவர் இல்லை. நிறைமாதக்காரி நடுவில். பானை சுமந்தவள் படகோட்டிக்கு முன்னால். வரிசையில் போன ஏழு பெண்களில் ஐந்து பேரின் இடம் தெரிந்துவிட்டது. இரண்டு பேரை இன்னும் காணோம்.

முனைவர் பட்ட ஆய்வுக்குப் போன புதன்கிழமை பதிவு செய்துவிட்டேன். வழிகாட்டியாக அந்த மேடம் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தலைப்பு என்ற கட்டத்தில் நான் எழுதிக் கொடுத்தது: சதுப்பில் நடந்த ஏழு பெண்கள்.